புகார் வராத கட்டடம்

ஜூன் 3
கடை

தங்கச்சிக்கு,

நாலு வருஷம் கழித்து அண்ணன் எழுதுகிறானே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. போக வேண்டியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மிச்சம் நீயும் நானும்தான். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் ஏணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

சுற்றி வளைக்க எனக்கு வராது. காரியம் இருக்கிறது, எழுதுகிறேன். காரியம் இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். அதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் கணக்கு நேராக இருக்கும்.

கடைக்கு எதிரே இருக்கிற வெயிட்டிங் ஹாலை இடிக்கப் போகிறார்கள்.

திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போது பார்த்தேன். ஹாலின் முன்தூணில் ஒரு தாள், பசை கூடக் காயவில்லை. ‘பயன்பாட்டில் இல்லாத நகராட்சிக் கட்டடம். ஜூலை 31க்குப் பின் அகற்றப்படும். ஆட்சேபம் இருப்பின் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’ அந்தத் தாளுக்கு நேர் கீழே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பயன்பாட்டில் இல்லாத கட்டடத்தில்.

நீ போன மறு வருஷமே பஸ் நிலையத்தைப் புறவழிச்சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். பஸ் போய்விட்டது, ஆட்கள் போகவில்லை. பழைய கண்டக்டர் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்து, வராத பஸ்ஸுக்கெல்லாம் நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சட்டைக்குப் பொத்தான் தைக்கிற அம்மா வெளிச்சத்துக்காக வருகிறாள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கால் ஆற உட்காருகிறார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குக் குறையாது. நான் கல்லாவில் உட்கார்ந்தபடி எண்ணியிருக்கிறேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை, சொல்.

நகராட்சி ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா இரண்டு புத்தகத்தை எடுத்துப் போட்டார். ஒன்று ஆய்வுப் பதிவேடு. முதல் ஐந்து வருஷம் உன் கையெழுத்தில் ‘நல்ல நிலை’. அதற்கப்புறம் வந்த ஓவர்சியர்கள் ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். இன்னொன்று புகார்ப் புத்தகம். ஹாலின் பெயர் போட்ட பக்கம் வெள்ளையாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு புகார் இல்லை, ஒரு பழுது பார்த்த பதிவு இல்லை.

குமாஸ்தா சொன்னார், “பஸ்ஸும் வரல, புகாரும் வரல. அப்ப ஆளும் வரலைன்னுதானே சார் அர்த்தம்.”

ஒன்பது வருஷமாக அந்தக் கூரையில் யார் ஏறினார்கள் என்று உனக்குத் தெரியும். உடைந்த ஷீட்டுக்குப் பதில் ஷீட், போன போல்ட்டுக்கு போல்ட், ஓட்டைக்குத் தார். ஒழுகினால்தானே புகார் வரும். நான் ஒழுக விடவில்லை. இதைச் சொன்னால், “உங்க வாய்ச்சொல்லை எந்தக் கட்டத்துல எழுதுறது? அப்ப இருந்த ஓவர்சியர் எழுதிக் கொடுத்தா பார்க்கலாம்” என்கிறார். அப்போது இருந்த ஓவர்சியர் யார் என்று தெரிந்துதான் சிரித்தார்.

நீ ஒரு தாள் எழுதி அனுப்பு. ‘கட்டடம் பயன்பாட்டில் இருந்தது, எதிர்க்கடைக்காரர் பழுது பார்த்து வந்தார், எனக்குத் தெரியும்.’ மூன்று வரி. ஒரு தபால்தலை.

அண்ணன்.


ஜூன் 12
அலுவலகக் குடியிருப்பு, மூன்றாம் மாடி

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் மேசை மேலேயே இருந்தது. உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும், அண்ணியின் அக்கா வீட்டில் ஏதோ என்றுதான் நினைத்தேன். பிரித்துப் படித்தால் கூரை.

மூன்று வரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வரிக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்கிறேன். ஆய்வுக்குப் போன அதிகாரி, நகராட்சிக் கட்டடத்தைத் தனி ஆள் தன் இஷ்டத்துக்குப் பிரித்து மாட்டியதைப் பார்த்தாள். அனுமதி இருந்ததா? இல்லை. பதிவு செய்தாளா? இல்லை. ஐந்து முறை ‘நல்ல நிலை’ என்று கையெழுத்துப் போட்டாள். இதை என் கையாலேயே எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பினால், அடுத்த தபாலில் எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பு வரும். அதனால் எனக்கு என்ன ஆகும் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா என்று இரண்டு முறை தேடினேன். தபால்தலை வரைக்கும் யோசித்திருக்கிறீர்கள்.

ஒரு கட்டடம் உயிரோடு இருக்கிறது என்று ஆபீசுக்கு எப்படித் தெரியும்? அது முனகினால்தான் தெரியும். குழாய் உடைந்தது, கதவு பெயர்ந்தது என்று யாராவது எழுதினால்தான் ஆள் வருவார்கள், பதிவு ஏறும், அடுத்த வருடத் திட்டத்தில் பெயர் வரும். நீங்கள் அதை முனகவே விடவில்லை. யார் செய்ய வேண்டிய வேலையோ அவர்கள் மறந்தே போகும் அளவுக்கு நன்றாகச் செய்துவிட்டீர்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். கூரையைத் தொடாதீர்கள். ஒழுகட்டும். ஒழுகினதும் புகார் எழுதுங்கள்.

இன்னொன்று. நான் அந்த ஹாலில் கடைசியாக உட்கார்ந்தது, இடமாற்றமாகி ஊரைவிட்டுப் போன அன்று, பத்து நாற்பது பஸ்ஸுக்காக. ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன். இரண்டு பெட்டி, ஒரு மடக்குக் கட்டில். கடை திறந்திருந்தது. நீங்கள் கல்லாவில் இருந்தீர்கள். ஒரு மணி நாற்பது நிமிடம். நடுவில் ரோடு மட்டும்தான் இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை.


ஜூன் 20
கடை

ஸ்கேலம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் இந்தப் பெயர்தான் வாயில் வந்தது. பத்து வயதில் ஸ்கேலை எடுத்துக்கொண்டு அலமாரி, ஜன்னல், என் செருப்பு எல்லாவற்றையும் அளந்துகொண்டு திரிவாய். இப்போது ரோட்டையும் அளந்து எழுதியிருக்கிறாய்.

சரி, அளப்போம். நான் எதற்கு அந்தக் கூரையில் முதலில் ஏறினேன்? நீ வேலையில் சேர்ந்த முதல் வருஷம். மழையில் நடு ஷீட் பிளந்து, கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி மேல் தண்ணீர் கொட்டியது. நான் உன்னிடம்தான் சொன்னேன். நீ ஃபைல் எழுதினாய். “ஃபைல் நகருது அண்ணா” என்றாய். ஒரு மாதம் கழித்துக் கேட்டேன், “நகருது.” நாலு மாதம் நகர்ந்தது. உனக்கு முகம் கறுத்துப் போயிருந்தது. உன் முதல் ஃபைல். மேலே இருந்தவர் அதைத் தன் டிராயரில் போட்டுவிட்டு, ‘உங்க அண்ணன்கிட்டதான் தகரக்கடை இருக்கே’ என்று கேலி செய்தார் என்று அண்ணியிடம் சொல்லி அழுதிருக்கிறாய். அண்ணி என்னிடம் சொன்னாள். “ஃபைல் நகரட்டும், நீங்க ஏறுங்க” என்றாள். ஏறினேன்.

அதற்கு அடுத்த மாதம் நீ ஆய்வுக்கு வந்தாய். மேலே பார்த்தாய். புதுத் தகரம் பளபளவென்று இருந்தது. ‘நல்ல நிலை’ என்று எழுதினாய். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் எட்டு வருஷம் ஏறுவேன் போலிருந்தது, ஏறவும் செய்தேன்.

ஆகையால் சட்டம் என்று என்னிடம் பேசாதே. ஹால் கூரையில் என் தகரம் ஏறியபோது உனக்குச் சட்டம் தூங்கியது. என் கடை வாசலில் அதே மாதிரித் தகரம் மூன்றடி நீட்டிக்கொண்டிருந்தபோது மட்டும் விழித்துக்கொண்டது. தெருவில் முப்பத்தொரு கடை. எல்லாக் கடைக்கும் நீட்டல் இருந்தது. ரோட்டை ஆக்கிரமித்ததாக முதல் நோட்டீஸ் யாருக்கு? உன்னைப் படிக்க வைத்தவனுக்கு. நீ வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கழற்றியிருப்பேன். முதல் நாள் ராத்திரி ஒரே மேசையில் சாப்பிட்டோம். காலையில் ஆபீஸ் பியூன் கையில் நோட்டீஸ் கொடுத்து அனுப்பினாய். பியூன் கையெழுத்து வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு வாடிக்கையாளர் போனதும் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கென்று பார்த்து ஆணி வாங்க, திருகு வாங்க என்று ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒழுக விடச் சொல்கிறாய். எனக்கு அது முடியாது. கடையில் ஒரு குழாய் சொட்டினாலே எனக்குக் காது வலிக்கும்.

அண்ணன்.


ஜூலை 1
அலுவலகக் குடியிருப்பு

அண்ணனுக்கு,

நோட்டீஸை நான் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று நாலு வருடமாக எனக்கும் பதில் கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் நினைத்தது, முதலில் உங்களுக்குக் கொடுத்தால் மற்ற முப்பது கடையும் வாய் திறக்காது என்று. அது நடந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. நீங்களும்தான். சாப்பிடும்போது சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நீங்கள் அண்ணியின் தட்டையும் சேர்த்து எடுத்து வைத்தீர்கள். அவர் போய் இரண்டு வருடம் ஆகியும் கை பழக்கத்தில் மூன்று தட்டு எடுக்கும். அதைப் பார்த்ததும் சாப்பிட்டு முடித்து எழுந்துவிட்டேன். மறுநாள் பியூன் கையில் கொடுப்பது சுலபமாக இருந்தது. சுலபமானதைச் செய்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தபோது நான் உங்களை மட்டும் பார்க்கவில்லை. மேலேயும் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சுக்கு மேலே புதிதாக ஒரு தகரம். அடிப்பக்கம் நீல பெயின்ட்டில் நம் கடைப் பெயரின் பாதி எழுத்து, தலைகீழாக. கடை வாசலிலிருந்து நீங்கள் கழற்றிய அதே தகரம். நான் இறக்கச் சொன்னதைக் கொண்டுபோய் என் பொறுப்பில் இருந்த கூரையிலேயே மாட்டியிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வாரம்தான் என் கடைசி ஆய்வு. அந்தத் தகரத்தை அன்றைக்கே பார்த்துவிட்டுத்தான் ‘நல்ல நிலை’ என்று எழுதியிருந்தேன். கோபத்தில் மாட்டினீர்களா, வேறு தகரம் இல்லாமல் மாட்டினீர்களா என்று அந்த ஒரு மணி நாற்பது நிமிடமும் யோசித்தேன். இப்போதும் தெரியாது.

இங்கே எனக்கு ஒரு அறை, ஒரு சமையல் மேடை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டு விளக்கு எரிகிறதா என்று மூன்று மாடியும் இறங்கிப் பார்த்துவிட்டு வருவேன். எரியாவிட்டால் புகார் எழுதுவேன். வந்து மாற்றுகிறவன் ஒரு வார்த்தை பேசுவான். அதற்காகவே எழுதுகிறேனோ என்று சில நாள் தோன்றும்.

இப்போது காரியம். கவனமாகப் படியுங்கள். அந்த நீலத் தகரத்தைக் கழற்றுங்கள். அது உங்கள் பொருள், எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கழற்றிய இடத்தை மூடாதீர்கள். தார் வேண்டாம், பாலிதீன் வேண்டாம், கீழே ஒரு வாளி கூட வைக்கக் கூடாது. வாளி வைத்தால் ‘தற்காலிக ஏற்பாடு உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மழை பெய்து தரை நனைந்ததும் புகார்ப் படிவம் வாங்கி நிரப்புங்கள். கடைசிக் கட்டத்தை விடாதீர்கள்: ‘புகார்தாரர் இக்கட்டடத்தை எதற்காகப் பயன்படுத்துகிறார்?’ அது காலியாக இருந்தால் வாங்க மாட்டார்கள்.

நீங்கள் அதை ஒழுக விட்டுத்தான் ஆக வேண்டும்.

தங்கை.


ஜூலை 19
கடை

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஏறிக் கழற்றினேன். பகல் பதினொரு மணி, தெரு முழுக்கப் பார்த்தது. தகரம் இப்போது கடைக்குள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நீ கேட்டதற்குப் பதில்: கோபத்தில்தான் மாட்டினேன். மாட்டி முடித்து இறங்கும்போது கோபம் இல்லை, தகரம் மட்டும் இருந்தது.

ஒரு வாரம் மழையே இல்லை. வானத்தைப் பார்த்து மழை வா என்று ஒரு தகரக்கடைக்காரன் வேண்டுவதில் நியாயம் உண்டு, ஆனால் நான் வேண்டியது வேறு காரணத்துக்கு. பன்னிரண்டாம் தேதி வந்தது. நல்ல மழை. ஹாலில் பதினாறு பேர் இருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் பொத்தான்காரம்மா. முதல் சொட்டு அவள் மடியில் இருந்த சட்டையில் விழுந்தது. அவள் மேலே பார்த்தாள். பிறகு ரோட்டைத் தாண்டி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தாள். எல்லாரும் ஒரே ஓரத்தில் நெருக்கி நின்றார்கள், சரக்கு லாரியில் நிற்கிற மாதிரி.

என் கடையில் பதினெட்டு வாளி இருக்கிறது. அடுக்கி வைத்திருக்கிறேன், வாசலிலேயே. ஒன்றை எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் போய்விட்டேன். உன் கடிதம் ஞாபகம் வந்து திரும்பினேன். தெரு முழுக்க அதையும் பார்த்தது.

மறுநாள் கண்டக்டர் கடைக்கு வந்தார். எதுவும் வாங்கவில்லை. வாங்காமல் அவர் உள்ளே வந்ததே இல்லை.

“நேராவே கேக்குறேன். ஹாலை இடிச்சிட்டா அந்த இடத்துக்குக் கடையை நீட்டலாம்னு பார்க்குறீங்களா?”

நான் ஒன்பது வருஷம் ஏறி இறங்கிய ஆள். புகார் எழுதுவதற்காகத்தான் என்று சொன்னேன். “ஒழுக வெச்சுட்டுப் புகாரா?” என்றார். நீயே சொல், இதை எப்படி ஒருத்தருக்குப் புரிய வைப்பது? எனக்கே புரிய இருபது நாள் ஆனது. அன்றிலிருந்து ஹாலில் யாரும் என் பக்கம் பார்த்துத் தலையாட்டுவதில்லை. காலையில் ஷட்டர் தூக்கும்போது கண்டக்டர் ‘எட்டு அஞ்சு வண்டி போயிடுச்சு, லேட்டா வர்றீங்க’ என்பார் எப்போதும். அது இல்லை. ஒரு நாளைக்கு எனக்கு இருந்த பேச்சே அது ஒன்றுதான் என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாக் கட்டமும் நிரப்பினேன். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. குமாஸ்தா எட்டிப் பார்த்தார். “எதிர்ல உங்க கடை. மேல உங்க வீடு. நிழலும் இருக்கு, நாற்காலியும் இருக்கு. உங்களுக்கு எதுக்கு சார் வெயிட்டிங் ஹால்?” கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ‘பொதுநலம்’ என்று எழுதினேன். “பயன்படுத்துறவங்கதான் புகார் கொடுக்கலாம். பொதுநலத்துக்குத் தனிப் படிவம் கிடையாது” என்று திருப்பிக் கொடுத்தார். கண்டக்டரையோ பொத்தான்காரம்மாவையோ எழுதச் சொல்லலாம். இப்போது அவர்கள் என் கையிலிருந்து பேனா வாங்குவார்களா?

இன்னும் பன்னிரண்டு நாள். கூரையில் ஓட்டை, கையில் காலிப் படிவம், தெருவில் கெட்ட பெயர். உன் யோசனையின் லாபம் இவ்வளவுதான்.

உன்னை எழுதித் தரச் சொல்லி இனிக் கேட்க மாட்டேன். உனக்கு என்ன ஆகும் என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அண்ணன்.


ஜூலை 24
அலுவலகக் குடியிருப்பு

அண்ணனுக்கு,

எழுதி அனுப்பிவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே. அதனால் நீங்கள் கேட்டுத்தான் செய்தேன் என்று நினைக்க வேண்டாம்.

மூன்று வரியில் முடியவில்லை. நாலு பக்கம் ஆனது. ஐந்து ஆய்வுகளின் தேதி, ஒவ்வொரு முறையும் கூரையில் எந்த ஷீட் மாறியிருந்தது, யார் மாற்றியது, நான் ஏன் எழுதவில்லை, எல்லாம். ‘ஏன் எழுதவில்லை’ என்ற இடத்தில்தான் நேரம் ஆனது. முதல் ஃபைல் நகராததைச் சொல்லலாம் என்று நினைத்தேன், அது சாக்கு. கடைசியில் ‘கட்டடம் நனையாமல் இருந்தது, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்’ என்று எழுதினேன்.

விசாரணைக்கு உங்கள் ஊர் ஆபீசுக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜூலை 29, காலை பதினொரு மணி.

என்ன ஆகும் என்று கேட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், சொல்லிவிடுகிறேன். வேலை போகாது. இடமாற்றம் கேட்கும் உரிமையை நிறுத்தி வைப்பார்கள், சில வருடங்களுக்கு. என் டிராயரில் ஒரு இடமாற்ற விண்ணப்பம் இருக்கிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் எடுத்து நிரப்புவேன். ‘விரும்பும் ஊர்’ என்ற இடத்தில் நம் ஊரை எழுதுவேன். நீங்கள் ஒரு வரி எழுதினால் அனுப்பலாம் என்று வைத்திருப்பேன். ஏப்ரலில் கிழித்துவிடுவேன். மூன்று முறை கிழித்தேன். இந்த வருடம் கிழிக்கவில்லை, ஜூனில் உங்கள் கடிதம் வந்தது. அதைப் பிரித்ததும் முதலில் கோபம் வந்ததற்குக் காரணம் அதுதான். வீட்டுக்கு வா என்று இருக்கும் என்று நினைத்தேன்.

நான் ஒன்பது மணி வாக்கில் வந்து சேருவேன். பதினொரு மணி வரைக்கும் எங்கேயாவது உட்கார வேண்டும். ஹாலில் உட்காருகிறேன். நீங்கள் வர வேண்டும் என்று இல்லை. கடை நேரம். தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

தங்கை.


ஆகஸ்ட் 12
கடை

தங்கச்சிக்கு,

உன் தபால் நேற்று வந்தது. மூன்று வருஷம் இடமாற்றம் கேட்கக் கூடாது. படித்துவிட்டு உறையிலேயே திருப்பி வைத்தேன். இதைப் பற்றி எழுத எனக்குச் சரக்கு இல்லை, தெரிந்த மாதிரி எழுதி உன்னை ஏமாற்றவும் மாட்டேன்.

அன்றைக்கு நீ பார்க்காததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஏழு மணிக்கே நான் கடைக்குள் இருந்தேன். ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி வைத்திருந்தேன், வெளியிலிருந்து பார்த்தால் கால் மட்டும் தெரியும். நீ எட்டு ஐம்பதுக்கு வந்தாய். நடை மாறவில்லை, தலையில்தான் நரை. மூன்றாவது பெஞ்சுக்கே போய் உட்கார்ந்தாய். பிறகு ஒரு ஆள் குனிந்து எட்டிப் பார்த்து, அரை அங்குலக் குழாய்க்கு எல்போ வளைவு கேட்டார். இருந்தது. “இல்லை” என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷ வியாபாரத்தில் இருக்கிற சரக்கை இல்லை என்று சொன்னது அன்றைக்குத்தான். ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். காலை ஒன்பது மணிக்குக் கடை மூடினதைப் பார்த்து கண்டக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

நான் வந்து உட்கார்ந்ததும் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன். கேட்டது வேறு.

“சாப்பிட்டியா?”

“பஸ்ல பிஸ்கட்.” நீ மேலே ஓட்டையைப் பார்த்தாய். “ஏணியில நீங்களேவா ஏறுனீங்க?”

“வேற யாரு ஏறுவா.”

“முழங்கால்?”

“இருக்கு.”

முதல் நாள் மழையின் தண்ணீர் இன்னும் ஷீட்டில் தேங்கி, சொட்டு ஒன்று உன் ஃபைல் மேல் விழுந்தது. நீ நகரவில்லை. நானும் நகரச் சொல்லவில்லை. கண்டக்டர் வந்து நின்று, நீ யார் என்று பார்த்தார், தெரிந்துகொண்டார். ‘நான்தான் கழட்டச் சொன்னேன்’ என்று நீ அவரிடம் சொன்னது எனக்கு வேண்டியிருந்தது. “அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து எங்களை நனைச்சிட்டீங்க” என்றார். இப்போது தினமும் அதையே சொல்லிக் காட்டுகிறார். எட்டு அஞ்சு வண்டியும் திரும்ப வந்துவிட்டது.

பத்து நாற்பதுக்கு நீ எழுந்தாய். கவனித்தேன். நீயும் கவனித்திருப்பாய். ஆபீஸ் வாசல் வரைக்கும் ஃபைலை நான் தூக்கி வந்தேன். அங்கிருந்து நீ நேராக பஸ்ஸுக்குப் போக வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தேன். மூன்று இல்லை, எண்ணித்தான் வைத்தேன். பரவாயில்லை.

உன் நாலு பக்கத்தையே புகார் எண் ஒன்று என்று பதிந்து, ஹாலின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார்கள். தூணில் இருந்த தாளைக் கிழித்துவிட்டார்கள், பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாலாம் தேதி நகராட்சியிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். ஏறினார். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. இரண்டாவது பெஞ்சுக்கு மேலே நன்றாக இருந்த ஷீட்டில் தார் பூசிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மூன்றாவது பெஞ்சு பழையபடி ஒழுகுகிறது. பொத்தான்காரம்மா அங்கே ஒரு பக்கம் விட்டு உட்காரக் கற்றுக்கொண்டாள். நீலத் தகரம் கடைக்குள் சும்மா நிற்கிறது. இரண்டு முறை தூக்கிப் பார்த்தேன். திரும்பச் சாய்த்து வைத்துவிட்டேன். எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று உன் தபாலைப் படித்த கையோடு ஆபீசுக்குப் போய்ப் புதுப் படிவம் வாங்கினேன். கட்டடம், தெரு, ஒழுகும் இடம் எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டம் வந்தது. எதற்காகப் பயன்படுத்துகிறார். இந்த முறை பேனா நிற்கவில்லை. ‘தங்கைக்காகக் காத்திருக்க’ என்று எழுதிக் கொடுத்தேன்.

குமாஸ்தா படித்தார். என்னைப் பார்த்தார். திரும்பப் படித்தார்.

“அங்க பஸ்ஸே வராதே சார்.”

“வரும்போது வரட்டும். நீங்க முத்திரையைப் போடுங்க.”

போட்டார். புகார் எண் இரண்டு. ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னிடமே இருக்கட்டும், என்னிடம் இருந்தால் தொலைந்துவிடும்.

அண்ணன்.